அப்பத்தாவின் பச்சை நோட்டு: டீச்சரிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

டீச்சர் பேத்தி

எங்கள் ஊர் புதுவயலுக்குப் பக்கம். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். 'டீச்சர் வீடு' என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சென்ற மாதம் எங்கள் அப்பத்தா தவறிவிட்டார். 1960-இல் வேலைக்குச் சேர்ந்தது முதல் ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் எடுத்தார். எட்டாவது முடித்து ஹையர் கிரேடு பயிற்சி பெற்று வந்தவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோருக்கும் டீச்சர்தான்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் காரைக்குடிக்கு ஆள் போயிருந்தார். அச்சகத்திலிருந்து போன் செய்து வயது கேட்டார்கள். பெரியப்பா 84 என்றார், அப்பா 83 என்றார். அத்தை அழுதுகொண்டே இரண்டும் இல்லை என்றார். ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்த்துவிடலாம் என்று அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். புத்தகம் மேலேயே இருந்தது. 10.06.1941 என்று போட்டிருந்தது. 84 என்றே அடித்துவிட்டார்கள்.

அதற்கு அடியில், பழைய கண்டாங்கிச் சேலைக்குள் மடித்து வைத்த பச்சை அட்டை நோட்டு ஒன்று. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் இரவு அதை எடுத்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். வருடம், பிள்ளையின் பெயர், 'தாயார் சொன்னது', 'நான் எழுதியது'. அறுநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் தாய்க்குத் தேதி தெரியாது. வீட்டில் பிரசவம், மருத்துவச்சி பார்த்தது. அப்பத்தாதான் ஒரு தேதி யோசித்துப் பதிவேட்டில் எழுதுவார். இது எனக்கும் தெரியும். ஆனால் அம்மாக்கள் சொன்னதைத் தனியாக இன்னொரு நோட்டில் எழுதி வைத்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. சில வரிகள்:

'தாயார் சொன்னது: தனுஷ்கோடிப் புயலுக்கு அடுத்த தை, செவ்வாய்க்கிழமை. நான் எழுதியது: 14.05.1964.'

'தாயார் சொன்னது: குன்றக்குடிப் பங்குனித் தேர் பார்த்துத் திரும்பும் வழியில், மாட்டு வண்டியில். வருடம் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்கு இளையவன்.'

'தாயார் சொன்னது: அண்ணா இறந்த மறுநாள் விடியலில். நான் எழுதியது: அதுவே, 04.02.1969.'

முதல் பக்கத்தில் முதல் வரி அவருடையது. 'நான். அம்மா சொன்னது: பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் ஊர் வந்து சேர்ந்த வருடம், ஆனி. சார் எழுதியது: 10.06.1941.' ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். நடந்து தப்பியவர்கள் ஊர் திரும்பியது 1942. அப்படியானால் அப்பத்தாவுக்கு 83. அப்பா சொன்னதுதான் சரி, போஸ்டர் தவறு.

எண்பதுகளின் கடைசியில் நோட்டு நின்றுவிடுகிறது. மருத்துவமனைச் சீட்டோடு வரத் தொடங்கிவிட்டார்கள் போல.

என் வேண்டுகோள் இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்கள் பெயர், அப்பா பெயர், சேர்ந்த வருடம் மூன்றையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம். அப்பத்தாவைப் பற்றிய நினைவு ஏதாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். எனக்கு அவரைப் பாட்டியாகத்தான் தெரியும்.

செம்மண் காடு

படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நான் டீச்சரிடம் படித்தவன்.

எனக்கு முதல் வருடம் காது எட்டவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. எங்கள் அம்மா என் விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். டீச்சர், "இழுத்தா வளராது ஆத்தா, சோறு போட்டா வளரும்" என்றார். பதிவேட்டில் என்னைச் சேர்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் அனுப்பவில்லை. 'சும்மா உட்காரு' என்று முதல் வரிசைக்கு முன்னால் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு வருடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கேர் என்ற அமெரிக்க அமைப்பு அனுப்பும் மக்காச்சோள மாவில் உப்புமா கிண்டுவார்கள், பால் பவுடர் கரைத்துத் தருவார்கள். பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கணக்கில் பங்கு கிடையாது. டீச்சர் தன் தூக்குச்சட்டி மூடியில் எனக்குச் சோறு போட்டுத் தருவார். புளிக்குழம்பும் கத்தரிக்காயும். மஞ்சள் உப்புமா தின்கிற பையன்கள் எல்லாம் என் மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். திங்கட்கிழமை காலையில் அதில் முதல் எழுத்து எழுதுகிற வரைக்கும் யாரையும் கை வைக்க விடமாட்டார்.

தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். எனக்கு 60 தாண்டிவிட்டது தங்கச்சி. என் அம்மா போய் 22 வருடம் ஆகிறது. அவர் வாயால் சொன்னது ஏதோ ஒரு வரி எழுத்தில் இருக்கிறது என்றால், அதைப் பார்க்கவேண்டும்.

ஈப்போ மருமகள்

கேதம் கேட்க நேரில் வரமுடியாத தூரத்தில் இருக்கிறேன். என் அம்மா அந்தப் பள்ளிக்கூடம்தான். இந்த இழையைப் படித்துக் காட்டினேன். டீச்சர் நெற்றியில் சாந்துப் பொட்டு வைத்திருப்பார், குடையை எப்போதும் இடது கையில்தான் பிடிப்பார் என்று அம்மா சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, அழுகை வந்துவிட்டது.

மணியடித்த சார்

நானும் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், ஆனால் வேறு ஒன்றியம். டீச்சரைப் பயிற்சி வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் கேட்டதை எல்லாம் எழுதிக்கொள்வார். பேசுவது குறைவு.

தேதி எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் இதை ஏதோ அலட்சியம் என்று நினைக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். தேதி தெரியாத பிள்ளைக்கு ஐந்து வருடம் பின்னால் எண்ணி ஏப்ரல், மே, ஜூன் என்று எழுதிவிடுவோம். அதனால்தான் எங்கள் தலைமுறையில் கிராமத்து ஆட்கள் பாதிப்பேர் கோடையில் பிறந்திருப்பார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன்பும் கிராம முன்சீப்பிடம் பதிவு உண்டு, ஆனால் அதைத் தேடிப் பிடித்து நகல் வாங்கி வருகிற தாயை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. டீச்சர் எழுதிய தேதிகளைப் பேத்தி கவனித்துப் பார்க்கட்டும். ஒன்றாம் தேதி ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். ஒன்றாம் தேதி பிறந்தவர் அரசு வேலைக்குப் போனால் அதற்கு முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெறவேண்டும். இரண்டாம் தேதி பிறந்தவருக்கு அந்த மாதக் கடைசிவரை சம்பளம் உண்டு. மூத்த ஆசிரியர்கள் இதை எங்களுக்குச் சொல்லித்தான் பேனாவைக் கையில் கொடுப்பார்கள். ஐந்து வயதுப் பிள்ளை மூக்கு ஒழுக முன்னால் நிற்கும். அதன் ஓய்வு நாளை நினைத்துக்கொண்டு தேதி போடுவோம்.

டீச்சர் பேத்தி

சார், இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அறுநூற்றுச் சொச்சத்தில் ஒன்றாம் தேதி ஒன்றுகூட இல்லை.

மில் ரோடு

டீச்சர் போனது வருத்தம்தான். எனக்கும் அதே ஊர். நான் அவரிடம் படிக்கவில்லை, என் அப்பா படித்தார். ஒன்றைச் சொல்லாமல் இங்கே அஞ்சலி மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவுக்கு அரசு வேலை. 2023 மே 31-இல் ஓய்வு பெற்றார். அவர் உண்மையில் அதைவிட ஒன்றரை வருடம் இளையவர் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் என் அப்பத்தா உயிரோடு இருந்தவரை புயலைச் சொல்லிச் சொல்லிக் கணக்குப் போடுவார். அந்த நேரத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றரை வருடச் சம்பளம் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. தேதியைத் திருத்த வேண்டும் என்றால் வேலையில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் மனுக் கொடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 'டீச்சர் என்னைச் சீக்கிரம் கிழவனாக்கிட்டாங்க' என்று முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். ஓய்வு பெற்ற அன்று சிரிக்கவில்லை.

ஐந்து மாதம், ஆறு மாதம் கூட்டி எழுதினார்கள் என்றால் மணியடித்த சார் சொல்கிற காரணம் புரிகிறது. ஒன்றரை வருடம் ஏன்?

ஈப்போ மருமகள்

இறந்து ஒரு மாதம்கூட ஆகாதவரைப் பற்றி இந்த இடத்தில் இதைக் கேட்க வேண்டுமா?

டீச்சர் பேத்தி

கேட்கட்டும் ஆச்சி. கேட்க வேண்டிய கேள்விதான். அண்ணே, உங்கள் அப்பா பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எனக்கு இரண்டு நாள் கொடுங்கள், நோட்டில் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சிலேட்டுக் குச்சி

நான் டீச்சரிடம் படித்தது எழுத்து மாறிய சமயத்தில். 1978 அக்டோபரில் அரசு ஆணை வந்தது. ணா, றா, னா, லை, னை என்று மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பெரியார் பல வருடம் தன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த வடிவம். ஆணை வந்தபோது நான் பழைய எழுத்தில் யானை எழுதப் பழகியிருந்தேன். அப்போது னகரத்தின் தலைமேல் ஒரு தும்பிக்கை வளைந்திருக்கும். எங்களுக்கு யானையை எழுதுவது என்றால் படம் வரைகிற மாதிரி.

ஒருநாள் டீச்சர் கரும்பலகையில் பழைய யானையையும் புது யானையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். "இந்த யானைக்கு இனிமே தும்பிக்கை தனியா முன்னாடி நிக்கும். யானை அதே யானைதான்" என்றார். பின்வரிசையில் ஒருத்தி அழுதுவிட்டாள். அதற்காக டீச்சர் அவளைத் திட்டவில்லை. பழைய யானையை அழிக்காமல் ஒரு வாரம் பலகையின் மூலையில் விட்டு வைத்திருந்தார்.

மற்றபடி கண்டிப்பானவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். வாய்ப்பாடு பிசகினால் அடிஸ்கேல் உள்ளங்கையில் இறங்கும். எனக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வலிக்கும்.

டீச்சர் பேத்தி

நோட்டிலும் அது தெரிகிறது! 1978 ஜூன் வரைக்கும் 'லை', 'னை' எல்லாம் பழைய எழுத்து. 1979 ஜூன் சேர்க்கையிலிருந்து புது எழுத்து. ஆனால் எனக்கு எழுதிய கடிதங்களில் கடைசிவரை பழைய னைதான் போட்டார். சிறு வயதில் அதை ஏதோ கோலம் என்று நினைத்திருக்கிறேன்.

ஊருணிக்கரை

என் பெயர் 'பிச்சை' என்று தொடங்கும். எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்களாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள், எமன் கண் படாது என்று.

ஐந்தாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போகிறபோது பெயரை மாற்றித் தரச்சொல்லி டீச்சரிடம் கேட்டேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று பயம். டீச்சர் என்னை ஊருணிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார், குடம் எடுத்து வருகிற சாக்கில். வழியில், "நீ பொழைச்சுக் கிடக்கணும்னு ஒங்க அப்பத்தா தேடி வச்ச பேரு இது. தேதியை நான் எழுதலாம், பேரை நான் எழுத முடியாது. பெரியவளானதும் நீயே முடிவு பண்ணு" என்றார்.

பெரியவளானேன். மாற்றவில்லை. இப்போது வங்கியில் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது நான் எழுந்து நிற்கிறேன், முன்பு போலத் தலை குனிவதில்லை. டீச்சர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் யோசிப்பேன்.

எங்கள் அம்மா அறிவொளி இயக்கத்தில் டீச்சரிடம் கையெழுத்துக் கற்றுக்கொண்டார். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்து டீச்சரும் பொட்டலில் சைக்கிள் பழகினார். அப்போது அவருக்கு 50 வயது இருக்கும். இரண்டு தரம் விழுந்தார், அப்புறம் ஓட்டவில்லை.

டீச்சர் பேத்தி

சைக்கிள் கதை எனக்குத் தெரியாது! முழங்காலில் ஒரு தழும்பு உண்டு, கேட்டால் 'படி தட்டிருச்சு' என்பார்.

வீட்டில் அவர் எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திண்ணையில் புளியங்கொட்டையைப் பரப்பி எங்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பார். தப்பாகச் சொன்னால் அடிக்கமாட்டார், பேத்திகளுக்கு அடிஸ்கேல் கிடையாது. கொட்டைகளைத் திரும்பக் கலைத்துவிட்டு 'முதல்ல இருந்து' என்பார். நாங்கள் வளர்ந்த பிறகும் திண்ணை சும்மா இருந்ததில்லை. 2020-இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காலையில் வந்துவிடுவார்கள். துணியால் வாயைக் கட்டிக்கொண்டு அ, ஆ சொல்லிக்கொடுத்தார். அடுத்த வருடம் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராக வந்த எங்கள் தெருப் பெண் முதலில் வந்து நின்றது எங்கள் திண்ணை முன்னால்தான்.

பிறந்தநாள் என்றால் கவுனி அரிசி. சட்டியில் முந்தின இரவே ஊற வைத்து, காலையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவார். பேரன் பேத்தி ஒவ்வொருவருக்கும் நட்சத்திரம் பார்த்துச் செய்வார். அவருக்கு மட்டும் கிடையாது. நாங்கள் ஜூன் 10 அன்று செய்யப்போனால், 'அது சார் வச்ச தேதி, எனக்கு எதுக்கு' என்று அடுப்பை அணைத்துவிடுவார். அப்போதெல்லாம் அது சும்மா ஒரு பேச்சு என்று நினைத்தேன்.

மில் ரோடு அண்ணே, உங்கள் அப்பாவின் வரி கிடைத்தது. 'அப்பாவிடம் கேட்டுவிட்டேன், பொதுவில் போடலாம்' என்று நீங்கள் எழுதியதால் இங்கேயே தருகிறேன்.

'1968 ஜூன். தாயார் சொன்னது: புயலுக்கு முந்தின ஐப்பசி, அன்னாபிஷேகத்துக்கு மறுநாள். நான் எழுதியது: 12.05.1963.'

அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'கை எட்டவில்லை. அக்காள் மூன்றாம் வகுப்பு, ஒரு வாரமாக இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று பாடம் கேட்கிறாள். தாயார் நடவுக்குப் போகிறார். இவனைச் சேர்க்காவிட்டால் அவளை நிறுத்திவிடுவார்கள். தவறு என்னுடையது.'

புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவில். அப்படியானால் உங்கள் அப்பா பிறந்தது 1964 ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள், அக்டோபர் மூன்றாம் வாரம். பள்ளியில் சேரும்போது நான்கு வயதுகூட நிறையவில்லை.

நோட்டு முழுக்க 'தவறு என்னுடையது' என்று எழுதியிருப்பது ஒன்பது இடங்களில். ஒன்பதிலும் காரணம் எழுதியிருக்கிறார்.

மணியடித்த சார்

அக்காள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பது ஒவ்வொரு பள்ளியிலும் நடந்தது. அந்தப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேரை நான் 'தம்பியை வீட்டில் விட்டுட்டு வா' என்று அனுப்பியிருக்கிறேன் என்று இன்று யோசிக்கிறேன். அப்படி அனுப்பினவர்கள் திரும்பி வரவில்லை.

கோட்டையூர்ப் பக்கம்

நோட்டைப் பத்திரமாக வையுங்கள். எங்கள் ஊரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம், பத்திரிகை மட்டும் இல்லை, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போடுவதை எல்லாம் வாங்கிச் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அப்பத்தாவின் நோட்டு அப்படி ஒரு இடத்துக்குப் போக வேண்டியது என்பது என் எண்ணம். ஒரு ஊரின் தாய்மார்கள் காலத்தை எப்படி எண்ணினார்கள் என்பது வேறு எங்கே கிடைக்கும்?

மணியடித்த சார்

கொடுப்பதானால் பெயர்களை மறைத்து நகல் கொடுக்கலாம். அறுநூறு பேரில் பலர் இன்னும் வேலையில் இருப்பார்கள், ஓய்வூதியம் வாங்குவார்கள். பதிவேட்டுத் தேதி ஒன்று, இதில் இருப்பது ஒன்று என்று வெளியே போனால் அவர்களுக்குத் தொல்லை. டீச்சர் சேலைக்குள் மடித்து வைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

டீச்சர் பேத்தி

சார் சொல்வதைக் கேட்கிறேன். இணையத்தில் போடமாட்டேன். 'தாயார் சொன்னது' என்ற பத்தியை மட்டும் பெயர் இல்லாமல் தனியாகப் பிரதி எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அது முடிந்த பிறகு நூலகத்தைக் கேட்கலாம். நோட்டு எங்கள் வீட்டிலேயே இருக்கும். அவரவர் வரியை அவரவர் வந்து பார்க்கலாம்.

செம்மண் காடு அண்ணனுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்.

செம்மண் காடு

வந்தது தங்கச்சி. 'பிள்ளையார் நோன்பு அன்று சாயங்காலம், நல்ல மழை, பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கி வந்தோம்.' அம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது. நன்றி.

மில் ரோடு

நான்கு நாளாக எழுதவில்லை, மன்னிக்கவும்.

அன்று இரவே அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, 'திரும்பப் படி' என்றார். படித்தேன். எழுந்து போய்ப் போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டார். பத்து மணி, அத்தை தூங்கியிருப்பார். என்னையே போனில் படிக்கச் சொன்னார்.

அத்தை பத்தாவது வரைக்கும் படித்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது முடித்த முதல் பெண். 1982-இல் எம்.ஜி.ஆர் சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தபோது அத்தைக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்த முதல் சம்பளத்தில்தான் அப்பாவைக் காரைக்குடியில் டைப்ரைட்டிங் சேர்த்துவிட்டார். லோயர், ஹையர் இரண்டும் முடித்தார். அதை வைத்துத்தான் அவருக்கு அரசு வேலையே கிடைத்தது. இந்தக் கதை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதையும் அந்தத் தேதியையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அத்தைக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அப்பா கனமாக இருப்பாராம், இடுப்பு மாற்றி மாற்றித் தூக்குவாராம். முதல் நாள் டீச்சர் அப்பாவை வாங்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, அத்தையைப் பார்த்து, 'இப்ப ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு, சிலேட்டை எடு' என்றாராம்.

ஒன்றரை வருடம் போனது போனதுதான். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஒன்றுமே இல்லை என்று இங்கே எழுதமாட்டேன். ஆனால் ஏன் என்று கேட்டேன், பதில் கிடைத்தது. ஈப்போ ஆச்சி என்னைத் தவறாக நினைக்கவேண்டாம்.

அப்பா அந்தப் பொடி எழுத்தைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்கிறார். வரலாமா?

ஈப்போ மருமகள்

தவறாக நினைக்கவில்லை தம்பி. அப்பாவையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

டீச்சர் பேத்தி

தாராளமாக வாருங்கள் அண்ணே. இந்த வருட ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கு நான் ஊருக்கு வருகிறேன். மறுநாள் காலையில் வந்தால் சரியாக இருக்கும், அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் என்று முந்தின நாள் மத்தியானத்துக்குள் சொல்லிவிடுங்கள், கவுனி அரிசியை இரவே ஊறப்போட வேண்டும்.